ரயிலுக்காக ஒரு வரி எழுதிய வக்கீல்

வக்கீல் கந்தசாமி ஐயாவின் மகள் இன்று காலையில் போனில் அழைத்தார். "அப்பா தவறிட்டாருங்க. காபி ஆறிப்போச்சுன்னு ஆட்சேபம் சொன்னாருங்க. வேற காபி போட்டுட்டு வர்றதுக்குள்ள…" என்று அழுதார். ஆட்சேபிக்காமல் ஐயா எதையும் குடித்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது அவர் தொழில். முதலாளிகளான நாங்கள் விலையையும் தேதியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆட்கள். அவரோ கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார். "சண்டை வந்தா எந்த ஊரு கோர்ட்டுன்னு பின்னாலதான் ஒளிச்சு வெச்சிருப்பாங்க கண்ணு" என்பார்.

திருப்பூர் நல்லூரில் நான் தையல் யூனிட் தொடங்கியபோது வந்த முதல் ஒப்பந்தத்தில், புயல், போர், பூகம்பத்தால் தாமதமானால் நாங்கள் பொறுப்பல்ல என்றிருந்தது. ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லூர்ல என்னைக்குக் கண்ணு பூகம்பம் வந்துச்சு? பீகார் பசங்க சத் பூஜைக்கு ஊருக்குப் போனா, திரும்பி வர ரயில் கிடைக்கறதில்ல. அதைச் சேர்க்கச் சொல்லு."

ஆர்டரே போய்விடும் ஐயா என்று கெஞ்சிப் பார்த்தேன். சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் வக்கீலம்மா வீடியோவில் மடக்கினார்: "பண்டிகைத் தேதி முன்பே தெரியுமே, எதிர்பாராதது எப்படி?"

"போறது தெரியுமுங்க மேடம். திரும்பி வர ரயில்ல ஏற முடியுமான்னு ரயில்வேக்கே தெரியாதுங்க." இதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார், 'ங்க'வை மட்டும் விடவில்லை. அம்மையார் சிரித்துவிட்டு அந்த வரியைச் சேர்த்தார்.

போன வருடம் அதுவே நடந்தது. தையல்காரர்கள் பீகாரில் மாட்டிக்கொண்டார்கள், கப்பல் போய்விட்டது. சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொன்னார்கள் வாங்குபவர்கள். அனுப்பியிருந்தால் அந்தச் செலவுக்கு மெஷின்களையே விற்க வேண்டியிருந்திருக்கும். ஐயா அந்த வரியைக் காட்டினார். ஆதாரம் கேட்ட வக்கீலம்மாவை, பீகாரில் பிளாட்பாரத்தில் நின்ற எங்கள் தையல்காரர் மனோஜோடு வீடியோவில் இணைத்தார் ஐயா. ரயில் வந்தது. கூட்டத்தில் போன் யாருடைய அக்குளிலோ சிக்கி, திரை இருண்டது.

"மேடம், முடிஞ்சா நீங்க ஏறிப் பாருங்க" என்றார் ஐயா.

அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லிவிட்டார் அந்த அம்மாள். என் யூனிட் பிழைத்தது.

இந்த வருட சத் பூஜைக்கு மனோஜுக்கு இன்று மாலை ரயில். அபூர்வமாக டிக்கெட் உறுதியாகியிருந்தது. மாலையில் பார்த்தால், ஐயா வீட்டு வாசலில் என் பக்கத்தில் நிற்கிறார்.

"ரயிலு போயிருமே மனோஜு?" என்றேன்.

"ரயில் நாளைக்கும் வருமுங்க முதலாளி. வக்கீல் சாப் வரமாட்டாருங்க."

மற்றவர்களோடு நாங்கள் இருவரும் ஐயாவின் பாடைக்குத் தோள் கொடுத்தோம். நிம்மதியாகப் போய் வாருங்கள், ஐயா.