மண் வாளி

பிள்ளைகளே, என் மகளிடம் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்து எங்கள் வீட்டு வரவேற்பறையில் மகள் ஒரு பெண் பச்சோந்தி வளர்த்தாள். பள்ளி முகாமுக்குப் புறப்படும்போது அதன் கூட்டுக்குள் ஈரமண் வாளி ஒன்றை வைத்தாள்.

“அப்பா, இவ முட்டை இடப்போறா. மண்ணைத் தோண்டித்தான் இடுவா. வாளியை எடுத்துப்போடாதேங்கோ.”

“ஆண் இல்லாமல் முட்டையோ?”

“கோழியும் அப்பிடித்தானே இடுது” என்று சிரித்தாள்.

மறுநாள் எங்கள் வீட்டில் செபமாலைக் கூட்டம், செபமும் பாட்டுமாக. வருகிறவர்கள் மண் வாளியைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டு, அதை வெளிக் கொட்டிலில் வைத்தேன். பச்சோந்தி கூட்டின் வெறும் தரையை விறாண்டிக்கொண்டே இருந்தது.

“என்ன அண்ணை, இவ என்ன செய்யிறா?” என்று ஒருவர் கேட்டார்.

“எங்கடை பாட்டுக்கு ஆடுறா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வாளியை மறந்துபோனேன். நாலாம் நாள், மகள் வருவதற்குச் சற்று முன்புதான் நினைவு வந்து திரும்ப வைத்தேன். பச்சோந்தி கண்ணை மூடிக் கிடந்தது. முட்டைகள் வயிற்றுக்குள்ளேயே சிக்கிவிட்டன என்றார் மிருக வைத்தியர். அன்றே அது செத்துப்போனது.

“மண்ணுக்கு ஈரம் காணேல்லைப் போலை அப்பா. நான்தான் வடிவாப் பாக்கேல்லை” என்று மகள் அழுதாள்.

“அழாதை பிள்ளை” என்று தலையைத் தடவினேன். வாளியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அவள் எந்த உயிரையும் வளர்க்கவில்லை. தனக்குப் பார்க்கத் தெரியாதாம்.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.