விழுந்து கும்பிடுகிற நேரம்

அப்பா இருந்த முதியோர் இல்லம் கொழும்புத்துறையில். கைகால் நடுங்கும் வருத்தம் வந்த பிறகு கால் அவர் சொல் கேட்பதில்லை. குரலும் உள்ளே போய்விட்டது. அடிக்கடி விழுந்தார். ஒருமுறை நெற்றியில் தையல் போட்டார்கள். நான் கொக்குவிலில் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இழுபடுகிறவள். கனடாவில் இருக்கும் தம்பி, பக்கத்தில் இல்லாத குறைக்கு ஒரு பெட்டி அனுப்பினான்.

சவர்க்காரப் பெட்டியளவுதான். சுவரில் பூட்டினால் அறைக்குள் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து ஆள் நிற்கிறாரா, விழுந்துவிட்டாரா என்று கண்டுபிடிக்குமாம். விழுந்தால் அவரைப் பராமரிக்கிற பெண்ணின் கைபேசியிலும் என்னுடையதிலும் மணி அடிக்கும்.

"உதுக்குள்ளை கமரா இருக்கோ?" என்று அப்பா கேட்டார். அவர் வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும்.

"இல்லையப்பா. அது உங்களைப் பாக்காது. விழுந்தால் மட்டும் சொல்லும்."

"அப்ப பூட்டட்டும்."

மறுநாள் காலை நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கைபேசி அலறியது. 'விழுந்துவிட்டார்' என்று சிவப்பெழுத்து. இல்லத்துப் பெண்ணை அழைத்தேன். அவள் குருநகர்க்காரி, என் வயதுதான் இருக்கும்.

"ரீச்சர், ஐயா விழுந்து..." என்று இழுத்தாள். "விழுந்து கும்பிடுறார்."

குளித்துத் திருநீறு பூசிய பிறகு அப்பா கட்டிலைப் பிடித்து மெல்ல இறங்குவார். முருகன் படத்துக்கு முன்னால் உடம்பு முழுவதும் நிலத்தில் பட, கைகளைத் தலைக்கு மேலே நீட்டிக் கிடப்பார். ஒரு தேவாரத்தை மனசுக்குள் முடித்துவிட்டுத்தான் எழும்புவார். தமிழில் அதற்கும் விழுவது என்றுதானே பெயர். பெட்டியைக் குறை சொல்லி என்ன செய்ய?

"அந்த நேரத்துக்கு மட்டும் நிப்பாட்டி விடுவமே அக்கா?" என்றான் தம்பி. இறங்கி எழும்புகிற அந்த நேரத்துக்குத்தான் எனக்குப் பயமே. பெட்டியை விட்டுவிட்டு அப்பாவிடம் போனேன். படுக்கையில் இருந்தபடியே கும்பிடச் சொல்லி மன்றாடினேன்.

"காலும் போச்சு, குரலும் போச்சு. இதையும் விடச் சொல்லுறியோ?"

திரும்பி வந்து, பெட்டி அப்படியே இருக்கட்டும் என்று தம்பியிடம் சொன்னேன்.

ஆகவே ஒவ்வொரு காலையும் மணி அடித்தது. ஒவ்வொரு காலையும் அவள் ஓடிப்போய் எட்டிப் பார்த்து, 'கும்பிடுறார்' என்று எனக்கு ஒரு சொல் அனுப்புவாள். அந்தச் சொல் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அன்றைக்கு மணி அடித்தும் அந்தச் சொல் வரவில்லை. நானே அழைத்தேன்.

"கும்பிடுறார் ரீச்சர். இண்டைக்குக் கொஞ்சம் கூட நேரம்."

வாசலில் நின்றபடி கிசுகிசுத்தாள். அவரைக் குழப்பிவிடக் கூடாது என்று நானும் என்னை அறியாமல் குரலைத் தணித்து, "சரி" என்றேன். கொக்குவில் வகுப்பறையில் நின்றுகொண்டு.

தேத்தண்ணீர் கொண்டுபோனபோதும் அப்பா அப்படியே கிடந்திருக்கிறார். அப்போதுதான் அவள் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தாள். இறங்கும்போதே கால் வழுக்கியிருக்கிறது. குப்புற விழுந்து, நீட்டிய கையோடு, இடுப்பெலும்பு உடைந்து கிடந்தார்.

யாரையாவது திட்டவேண்டும் போல இருந்தது. யாரைத் திட்டுவது? பெட்டி பிழைவிடவில்லை. அவளும் மணி அடித்த உடனேயே ஓடிப்போய்ப் பார்த்தவள்தான். செபத்தில் இருக்கிறவரைத் தொட்டுக் குழப்பக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகிய கத்தோலிக்க வீடு அவளுடையது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தம்பி தொலைபேசியில் அழுதான். "பெட்டி சொன்னதுதானே அக்கா. சொன்னதுதானே."

ஆஸ்பத்திரியில் அப்பாவின் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அந்தப் பிள்ளை வந்தவள். முகம் வாசல் பக்கம்தான் கிடந்தது, கண்டனான். கூப்பிட்டனான், சத்தம் வரேல்லை."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் நிண்டவள். பிறகு தானும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திப்போட்டுப் போயிட்டாள்."