தங்கைக்கு ஓகே ஆயிடுச்சு!

போன வாரம் குத்தாலத்தில் எங்கள் குத்தகை வயலில் குறுவை அறுவடை. நானும் அம்மாவும் வரப்பில் நிற்கிறோம். அறுவடை மெஷின் சத்தம் காதைப் பிளக்கிறது. அந்த நேரம் பார்த்து பெங்களூரிலிருந்து தங்கை மலரின் போன்!

"அண்ணா... ஓகே ஆயிடுச்சு! அவங்களே... இங்கதான் விழா... அம்மாவுக்குப் பட்டுப்புடவை..."

கட்!

மலர் இன்ஜினீயர். ஊரார் வயலில் நாற்று நட்டு அம்மா படிக்கவைத்த பெண். வயது முப்பத்தைந்து. கல்யாணப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாள். விழா, பட்டுப்புடவை என்றால் வேறு என்ன நினைப்பது, சொல்லுங்கள்?

"என்னடா சொல்றா?" என்றார் அம்மா.

"மாப்பிள்ளை ஓகே ஆயிட்டாராம்மா!"

அவ்வளவுதான்... அம்மா நடந்தாரா, பறந்தாரா, தெரியாது. நான் வீடு திரும்புவதற்குள் சேமியா பாயசம் தெரு முழுக்கப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அத்தை எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாண மண்டபம் வரைக்கும் யோசித்துவிட்டார்.

மறுபடி மலர். இந்த முறை வீடியோ கால்.

"மாப்பிள்ளை பேரு என்னடி?" என்றார் அம்மா, எடுத்த எடுப்பில்.

"எந்த மாப்பிள்ளை? எனக்கு அவார்டு கெடச்சிருக்கும்மா!"

சிக்னல் பிராசஸிங் என்ற துறையில், இன்ஜினீயர்கள் சங்கம் தரும் பெரிய விருது. எதற்காக? இரைச்சலுக்கு நடுவே பேசுகிறவர் குரலை மட்டும் பிரித்தெடுத்து, காது மெஷின் போட்டவர்களுக்குத் தெளிவாகக் கேட்கவைத்ததற்காக!

அந்தச் சேதியைத்தான் நான் இந்த லட்சணத்தில் கேட்டிருக்கிறேன். காதில் விழுவது பாதி... மீதியை நம் ஆசை நிரப்பிக்கொள்கிறது, இல்லையா?

அம்மா பாயசக் கரண்டியைக் கீழே வைத்தார். மலர் முகத்தில் சிரிப்பு வடிந்துவிட்டது.

"ஏமாந்துட்டியாம்மா?" என்றாள் சின்னக் குரலில்.

அம்மா அத்தை பக்கம் திரும்பினார். "கல்யாணம் தெருவுல எல்லாருக்குந்தான் நடக்குது. இது யாருக்கு நடந்துருக்கு, சொல்லுங்க பாப்போம்!"

மலர் அழுதேவிட்டாள். அம்மாவுக்கு அழ நேரம் ஏது? பாயசம் போன வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேதியைத் திருத்த வேண்டுமே! ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடைசி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

"மாப்பிள்ளை இல்லீங்க... விருது!" என்றார் அம்மா, மூச்சு வாங்க.

"ரொம்ப சந்தோஷம்மா. விருது எங்க வேலை பாக்குறாரு?"