மலையைச் சுற்றி வந்த ரயில்

திருப்பதியில் கைபேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் ஈயத்தைத் தொட்டார். ஒரு நூல் புகை எழுந்தது. அவ்வளவுதான், காலம் காலடியிலிருந்து நழுவிவிட்டது. நகரியில், எங்கள் விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய அறையில், நான் பத்து வயதுக்காரியாக மேசைக்கடியில் மண்டியிட்டிருந்தேன்.

மேசை என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் படுக்கவைத்திருந்தார் மாமா, அம்மாவின் தம்பி. திருப்பதியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் அவருக்கு வேலை. ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மெட்ராஸில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து அவர் கொண்டுவந்த கோணிப்பைக்குள் ஒரு ரயிலே இருந்தது. என் உள்ளங்கை நீளத்தில் ஒரு இன்ஜின், நான்கு பெட்டிகள், விரல் அகலத் தண்டவாளத் துண்டுகள், கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு இரும்புப் பெட்டி.

கதவின் ஒரு முனையில் அட்டையில் புத்தூர் ஸ்டேஷன். மறுமுனையில் திருமலை. தறியின் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் செய்தித்தாளை ஊறவைத்து நானும் மாமாவும் ஏழு மலைகளையும் எழுப்பினோம். சாயப்பட்டறையில் வாங்கி வந்த பச்சை, மலையோடு என் பாவாடையிலும் ஏறிக்கொண்டது. புத்தூரில் கிளம்பும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, போன தண்டவாளத்திலேயே திரும்பி வர வேண்டும். அது மாமாவின் பிடிவாதம்.

“மொட்ட போட்டவங்க வூட்டுக்குத் திரும்பி வரவாணாமா பாப்பா?”

அங்கேதான் தகராறு. சுற்றின் கடைசித் துண்டைப் பொருத்தாதவரை ரயில் மலைவரைக்கும் ஜோராக ஓடியது. அந்த ஒரு சாண் துண்டைப் பொருத்தியதும் எல்லாம் செத்தது. கரண்ட் பெட்டி உறுமிச் சூடேறியது. எடுத்தால் ஓடும், வைத்தால் நிற்கும். மாமா துண்டை மூன்று முறை மாற்றினார், உப்புத்தாளால் தேய்த்தார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தார். சாமிக்கு ஏதோ குறை என்று அம்மா தேங்காய் வேண்டிக்கொண்டாள்.

நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அந்த அறையின் மேல் வெகுநாளாகக் கண். இன்னொரு தறி இறக்க அளந்தே வைத்திருந்தார். வாசற்படியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

“இன்னா மச்சான், அயிபோயிந்தா, முடிஞ்சிபோச்சா? மலையேறனவங்க அங்கியே தங்கிட்டாங்களா?”

“ஒரு வாரம் குடு மாமா” என்றார் மாமா. அக்கா புருஷன் என்பதால் நைனா அவருக்கு மாமா.

“குடுத்தேன். வர ஞாயித்துக்கெழம உன் ரயிலு மலைய சுத்திக்கினு வரணும். வரலன்னா திங்கக்கெழம தறி எறங்கிரும்.”

மாமா திருப்பதிக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க ரயில் என்னுடையது. அதன் சாவும் என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அந்தக் கதவு மேசையின் முன் நிற்பேன். பக்கத்தில் தறிகள் தடதடக்க, புத்தூர் ஸ்டேஷன் நடுங்கும். சனிக்கிழமை, அலுப்பில்தான், கொட்டகைக்குப் போய்க் கழிவு நூலை அள்ளி வந்தேன். பாவில் ஒரு இழை குழம்பினால் ஆரம்பத்திலிருந்து விரலால் பிடித்துக்கொண்டே போவார்கள். தறிக்காரர் வீட்டில் அது எல்லோரும் செய்வதுதான். இடது தண்டவாளத்தின் மேல் சிவப்பு நூலை வைத்தேன், வலதின் மேல் மஞ்சள். பிடித்துக்கொண்டே போனேன். புத்தூர், வயல், மலையடி, மலையின் பின்புறம், வளைவு, மறுபடி மலையடி.

கடைசித் துண்டில் சிவப்பு வந்து மஞ்சளின் மேல் படுத்தது.

சாமி மேல் குறையில்லை. திரும்பி வரும்போது இடது வலதாகிவிடுகிறது. இரண்டு கரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. கத்தினேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் மாமா நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்துவிட்டார். “அடிப்பாவி” என்றார், மிகுந்த மரியாதையோடு.

பிறகு எல்லாம் வேகம். மலைச்சுற்றின் இரு முனையிலும் தண்டவாளத்தை ரம்பத்தால் அறுத்துத் துளி இடைவெளி விட்டார். மலைக்குத் தனிக் கம்பி. புத்தூர் பாதைக்கு மட்டும் இடது வலதை மாற்றும் ஒரு ஸ்விட்ச். ஈயம் புகைந்தது. ரயில் மலையின் பின்னால் இருக்கும்போதே அந்த ஸ்விட்சைத் தட்டிவிட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பாதியில் நிற்கும். தடம் மாற்றும் கட்டையை அவர் பிடித்தாக வேண்டும். ஸ்விட்ச் எனக்கு.

நைனா வந்தார், அம்மா வந்தாள், தறி ஓட்டும் அண்ணன்கள் இருவரும் தலையில் பஞ்சோடு வந்தார்கள்.

ரயில் கிளம்பியது. வயலைத் தாண்டியது. மலையடியில் மாமா விரலால் கட்டையைத் தள்ள, இன்ஜின் வளைந்து பச்சைக்குப் பின்னால் மறைந்தது. ஒரு பெட்டி மறைந்தது, இரண்டு மறைந்தன. “இப்போ” என்று யாரும் சொல்லவில்லை. நானே தட்டினேன்.

மலையின் மறுபக்கத்தில் ஒரு கறுப்பு மூக்கு எட்டிப்பார்த்தது. இடைவெளியில் சின்னதாக ஒரு குலுக்கல். பிறகு வந்தது, அம்மா, வந்தது! போன வழியிலேயே எங்களைப் பார்த்துக்கொண்டு, ஏழு மலைகளையும் முதுகுக்குப் பின்னால் விட்டு, நான்கு பெட்டியும் குறையாமல், புத்தூருக்குள் மெத்தென்று நுழைந்தது. தறி அண்ணன்கள் விசிலடித்தார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பன்னிரண்டு தடவை ஓட்டினோம். ஒரு தடவைகூட நான் தவறவில்லை.

நைனா மட்டும் “ம்” என்றார். குனிந்து ஸ்டேஷனை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம்.

சாயங்காலம் மாமாவை பஸ் ஏற்றப் போனோம். நைனா சைக்கிளை உருட்டி வந்தார், நான் பின்சீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு. திருப்பதி பஸ் வந்து மாமா படியில் கால் வைத்த பிறகுதான் நைனா வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த நிபந்தனையா என்று அவர் முதுகையே முறைத்தேன். வீடு சேரும்வரை அவரிடம் பேசவில்லை. ஜெயித்தது எவ்வளவு பெரிய ஜெயிப்பு என்று விளங்க எனக்கு இன்னும் பல வருஷங்கள் தேவைப்பட்டன. பஸ் படியில் நின்ற மாமாவிடம் நைனா கேட்டது இதுதான்:

“ஏன் மச்சான், புத்தூர்லருந்துதான் கெளம்புமா உன் ரயிலு? நம்மூரு நகரி ஸ்டேஷன் எங்க? வர வாரம் இன்னம் கொஞ்சம் தண்டவாளம் எடுத்துக்கினு வா. எடம் பத்தலன்னா தறிக் கொட்டா சுவத்துல ஓட்ட போட்டுக்கலாம்.”