ஸ்டெல்லாவுக்கு ஒரு மாற்றாள்

கதவைத் தட்டுவது எங்கள் தொழில்; திறந்தவர் சொல்வதைக் கேட்டு நிற்பது அதைவிடப் பெரிய தொழில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து அலையும் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? இரண்டாயிரங்களில் நான் திருப்பூரில், பனியன் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன்.

கைப்பிள்ளை

தங்கம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டுவார். மகள் ஸ்டெல்லா நான்காம் வகுப்போடு நின்றவள். இடுப்பில் எப்போதும் தம்பி. டெய்லர் தைத்ததை வாங்கி மடிக்கும் கைமடி வேலைக்கு அவளைக் கான்ட்ராக்டர் கேட்டிருந்தார். அதற்குள் அவளை வகுப்பில் சேர்த்துவிட வேண்டும்.

படிப்பின் அருமையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். தங்கம் பையனை எடுத்து என் மடியில் வைத்தார்.

“அனுப்புதேன் சார். இவன நீங்க பாத்துக்கிடுதியளா?”

கடைசி அறை

தங்கம் குடியிருந்த காம்பவுண்டின் கடைசி அறையில் பனியன் வேஸ்ட் மூட்டைகள் கிடந்தன. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அந்த அறையைத் தரும்படி வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். “கொழந்தைக அழுதா எனக்குத் தூக்கம் கெடுமுங்களே” என்றார். சுவருக்கு அந்தப்பக்கம் கம்பெனி மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அம்மா சற்று நேரம் அதைக் கேட்டார்.

“செரி, எடுத்துக்கங்க சாமி. இந்தச் சத்தத்துக்குக் கொழந்தைக அழுகறது எவ்வளவோ தேவலைங்க.”

மாற்றாள்

எங்கள் நிறுவனம் வைத்த ஓர் ஆயாவின் பொறுப்பில் தம்பி கடைசி அறைக்குப் போனான். ஸ்டெல்லா வகுப்புக்கு வந்தாள். ஒரு நாள் காலை அவள் பெயரைக் கூப்பிட்டேன். “உள்ளேனுங்க சார்” என்று எழுந்தது வேறொரு பெண். பக்கத்து வீட்டு முத்து. அவளும் படிப்பை விட்டவள். கான்ட்ராக்டர் முந்திவிட்டாரோ?

ஓடினேன். ஸ்டெல்லா அம்மை போட்டுப் படுத்திருந்தாள். தங்கம் நிதானமாக விளக்கினார்.

“கம்பெனில ஒரு நா லீவு போட்டா எடத்துக்கு வேற ஆள் வந்துரும்லா சார்? அதான் மாத்தாள் அனுப்புனேன்.”

இங்கே யாரும் இடத்தைப் பிடுங்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முத்து மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஸ்டெல்லா குணமாகித் திரும்பிய அன்று, நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாளே தவிர, எழுந்து போகவில்லை. “அதுதான் ஸ்டெல்லா வந்துட்டாளே?” என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவளுக்கு அது வேடிக்கையாக இல்லை.

“அவ இல்லாதப்ப நடத்துன பாடத்தை அவளுக்கு ஆருங்க சார் சொல்லித் தருவாங்க?”

எத்தனையோ கதவுகளைத் தட்டிப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன்; சிரமமே இல்லாமல் சேர்த்தது, என்னைக் கேட்காமலே வந்து உட்கார்ந்த இந்த ஒருத்தியை மட்டும்தான்.