இலை போடாத பானை

"ஏட்டி, நொச்சித் தழையக் காய்ச்சுததுக்கா எம்.எஸ்சி. படிச்ச? அம்மா படிக்காமலே காய்ச்சுதாளே!" ரயிலேற்ற வந்த அண்ணன் கேலி செய்தான்.

இன்று காலை கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் காய்ச்சிய நொச்சியின் வாசனை, சிறுவயதில் எங்கள் பசுவந்தனை வீட்டின் ஒரு கார்த்திகை மாதத்தைக் கொண்டுவந்தது. கரிசல் நனைந்து ஊரே இருமிய நாட்கள். அம்மா எங்கள் இருவர் முன்னும் ஆளுக்கொரு வெந்நீர்ப் பானை வைத்து, ஒரே கம்பளியால் மூடி வேது பிடிக்க வைத்தாள். இலையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, அண்ணன் பானையில் மட்டும் நான் தழை போடவில்லை. இருவருக்கும் ஒரே நாளில் சளி விட்டது.

"பாத்தியளா, எனக்கு வெந்நியே போதும்" என்று, நான் உண்மையைச் சொன்னதும் குதித்தான் அண்ணன்.

"போலே, ஒரே கம்பளிக்குள்ளதான இருந்தீய? அவ பானை நொச்சிதான் ஒனக்கும் கேட்டிருக்கு" என்றாள் அம்மா.

இருவருமே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நான் இரண்டையும் ஏற்கவில்லை. இன்றும் ஏற்பதாக இல்லை.

சளிக்காய்ச்சல் வைரஸைக் கோழிமுட்டைக் கருவில் வளர்த்துச் சோதிக்கும் மதராஸ் கூடத்துக்கு இப்போது ரயிலில் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு புட்டியில் நொச்சிச் சாறு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். இந்த முறை இரண்டையும் தனித்தனிப் பையில் வைத்திருக்கிறேன்.