கதவுக்குப் பூசிய படகுப் பெயிண்ட்

நைனாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கப்போகிற டிரஸ்டிலிருந்து வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும், மாமா செய்த முதல் வேலை எங்கள் கதவுக்குப் பெயிண்ட் அடித்ததுதான்.

காசிமேட்டில் ஹவுசிங்போர்டு மாடியில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபிறகு வீட்டோடு இருந்தார். தினம் ஒரு மாத்திரை. விடாமல் போட்டால் பல வருஷம் நன்றாக இருக்கலாம், விட்டால் எதுவும் சொல்ல முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வைத்தியத்துக்கு அங்கே காசு வாங்கவில்லை. மற்ற மருந்துகளையும் அங்கேயே கொடுத்தார்கள். இந்த ஒன்றை மட்டும் வெளியே வாங்கவேண்டியிருந்தது. அம்மாவின் காதிலும் கழுத்திலும் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போய், பிறகு திரும்பவே இல்லை.

அம்மா வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடையில் மீன் விற்பாள். வாடிக்கையாக மீன் வாங்கும் ஒரு பாய் வீட்டம்மாதான் அந்த டிரஸ்டைப் பற்றிச் சொன்னார். சொன்னதோடு விடாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசியும் வைத்தார். "வூட்டாண்ட வந்து பாப்பாங்களாம். அப்பால மாசாமாசம் மாத்திரைய அவங்களே வாங்கிக் குட்ருவாங்களாம்" என்று அம்மா வந்து சொன்ன அன்று, நைனா ரொம்ப நாள் கழித்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. உலகத்தில் எந்தக் காரியமும் மீன்பிடித் துறைமுகத்தில் நடப்பதைப் போலத்தான் நடக்கும் என்று நம்புகிறவர். அங்கே படகுக்காரர்கள் வியாபாரியிடம் முன்பணம் கேட்கப் போகுமுன் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். துருப்பிடித்த படகை நம்பி யார் பணம் கொடுப்பார்கள்? மாமா இதைத்தான் அம்மாவுக்கு விளக்கினார்.

"வூடு கலீஜா இருந்தா எவன்க்கா குடுப்பான்? பாத்தவொடனே ஒரு மதிப்பு வர்ணும். மதிப்பு வந்தாதான் கை நீளும்."

அம்மாவுக்கும் அது சரியென்றே பட்டது. அவளும் அதே துறைமுகத்தில் வளர்ந்தவள்தானே. படகுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட் எங்கள் கதவுக்கு ஏறியது. மாமா வீட்டு டி.வி. வந்தது. கீழ்வீட்டிலிருந்து மேஜை மின்விசிறியும் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கடையிலிருந்து நாற்காலிகளும் வந்தன. நான் அப்போது நாலாம் வகுப்பு. மின்விசிறியைச் சுமந்து மாடியேறியது நான்தான். வீடு நிறையச் சாமான் இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. வஞ்சிரம் விலையைக் கேட்டால் வசதியானவர்களே நகர்ந்துவிடுவார்கள். ஆனால் நைனாவோடு படகில் இருந்த சிலர் தடையில்லாத சின்ன ஃபைபர் படகுகளில் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக் குழம்புக்கென்று அவரவருக்குக் கிடைக்கும் மீனை அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வஞ்சிரமும் கைநிறைய இறாலும். "நம்ம தோஸ்து வூட்டுக்கு வர்றவரு வெறும் வாயோட போகலாமா?" என்றார் அதில் ஒருவர். அன்றிரவு அவர்கள் வீடுகளில் என்ன குழம்பு என்று நான் யோசிக்கவில்லை.

வந்தவர் வயதானவர், நல்ல மனிதர். மாடியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தார். மாமா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். அம்மா வறுத்த வஞ்சிரத்தையும் இறால் தொக்கையும் கொண்டுவந்து வைத்ததும் அவர் கூச்சப்பட்டார்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"வூடு தேடி வந்துக்கீறீங்க, சாப்புடாம போனா எப்டிங்க?"

அவர் கொஞ்சம் சாப்பிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "குடும்பம் நடத்த ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டார். எதிரே நைனா சவரம் செய்த முகத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தாள்.

"அவரு இருக்கிறவரைக்கும் எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. மாத்திர மட்டும் கெடச்சா போதும்."

நன்றாகச் சொன்னாய் என்பதுபோல மாமா தலையாட்டினார். வந்தவர் டி.வி.யைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் தலையைத் தடவி நன்றாகப் படிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்த மாமா, "காரியம் முட்ஞ்சிதுக்கா" என்று ஒரு கூச்சல் போட்டார். மிச்ச இறாலை எல்லோரும் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் பாய் வீட்டம்மாவே நேரில் வந்தார். "என்னம்மா பண்ணி வெச்சே? வசதியான குடும்பம், இவங்களவிட இல்லாதவங்க எத்தனையோ பேர் காத்திருக்காங்கன்னு சொல்லிட்டாங்களே" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அந்தக் காலோடு டிரஸ்டுக்கு ஓடினாள். டி.வி. எங்களுடையதில்லை, மீன் எங்களுடையதில்லை என்று சொல்லி அழுதிருக்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம். அம்மா வந்து மாமாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், நைனா காலையில் மாத்திரை போடவில்லை.

"மறந்துட்டியா நைனா?"

"இல்ல கண்ணு. ஒடம்பு தேறிக்கினு வருது. இனிமே ஒரு நாள் வுட்டு ஒரு நாள் போட்டா போதும்."

எனக்கு வந்த சந்தோஷத்தில் செருப்புகூடப் போடாமல் மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாமா, நைனாவுக்கு மாத்திரைய கொறச்சிட்டாங்க! ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான்!" என்றேன். மாமாவின் கை சோற்றிலேயே நின்றது. அத்தை சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா தட்டைத் தள்ளிவிட்டு, எச்சில் கையோடு என்னைக் கட்டிப் பிடித்து வாய்விட்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் சந்தோஷத்தில் அழுது நான் பார்த்ததில்லை. நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாத மாமா. அட்த்த மாசம் பாரேன், மாத்திரையே வேணாம்னு சொல்லிடுவாங்க."